மூன்று பூட்டுச் சங்கிலி

மூன்று ஊராட்சிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு தீயணைப்பு வண்டி. தனியாக வாங்க எந்த ஊருக்கும் வக்கில்லை. சேர்ந்து வாங்கிய பிறகு சேர்ந்து வைத்துக்கொள்ள எந்த ஊருக்கும் மனசில்லை. மேட்டு ஊராட்சி, நடு ஊராட்சி, ஆற்றோர ஊராட்சி என்று மூன்று பெயரையும் வண்டியின் கதவில் எழுத வேண்டும். யார் பெயர் முதலில் என்று எட்டு மாதம் கூட்டம் போட்டார்கள். கடைசியில் பெயிண்டர்தான் வழி சொன்னார். வட்டமாக எழுதிவிட்டால் முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது. அப்படியே எழுதினார். படிக்க வேண்டுமானால் கழுத்தைத் திருகிக்கொள்ள வேண்டும்.

மூன்று எல்லைகளும் சந்திக்கும் முக்கில் வண்டிக்குக் கொட்டகை போட்டார்கள். அதன் கதவுக்கு ஒரு சங்கிலி, மூன்று பூட்டு. சாவியை மற்றவனிடம் கொடுக்க யாரும் தயாராக இல்லாததால் வந்த ஏற்பாடு அது. சங்கிலியின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் மூன்று பூட்டுகளும் ஒன்றின் வளையத்துக்குள் ஒன்றாகக் கோத்துக் கிடக்கும். எந்த ஊர்க்காரன் வந்து தன் பூட்டைத் திறந்தாலும் கோவை அறுந்து சங்கிலி கீழே விழும். திரும்பப் பூட்டும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தன் பூட்டைப் பக்கத்துப் பூட்டின் வளையத்துக்குள் விட்டுத்தான் அழுத்த வேண்டும். பக்கத்துப் பூட்டை விட்டுவிட்டு நேராகச் சங்கிலிக் கண்ணியில் மாட்டினால், அந்தப் பக்கத்து ஊர்க்காரனின் பூட்டு சும்மா தொங்கும். அவன் எத்தனை தரம் திறந்தாலும் கதவு திறக்காது.

இதை நடு ஊராட்சியின் சாவியை வைத்திருந்த குழாய்க்காரனைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. பூட்டுகளை முதன்முதலில் கோத்துக் காட்டியவனே அவன்தான். தப்பாக மாட்டியவனும் அவன்தான். அந்த இரண்டாவது விஷயம் பதினோரு நாளாக அவனைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அது ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெரிய குழாய் வெடித்து, தண்ணீர் ஆள் உயரத்துக்கு அடித்தது. அவனிடமிருந்த ஸ்பேனர் அதற்குப் பற்றவில்லை. வண்டிக் கொட்டகையில் பெரியது ஒன்று உண்டு. அவசரத்துக்கு எல்லாரும் அதை எடுப்பார்கள், யாரும் நோட்டில் எழுதமாட்டார்கள். திங்கட்கிழமைதோறும் முறை வைத்து வண்டியைக் கிளப்பிப் பார்ப்பவர்கள் மட்டும்தான் நோட்டில் கையெழுத்துப் போடுவது. அவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடினான், எடுத்தான், பூட்டினான். கையெல்லாம் சேறு. பூட்டு அழுந்திய சத்தம் கேட்டது. அதற்குமேல் அவன் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆற்றோர ஊரில் மரப்பட்டறை பற்றிக்கொண்டது. பட்டறைக்குப் பின்னறையில் பட்டறைக்காரரின் அக்கா படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர். ஆற்றோர ஊராட்சியின் டிரைவர் ஆறு நிமிஷத்தில் கொட்டகைக்கு வந்துவிட்டார். தன் பூட்டைத் திறந்தார். பூட்டு கையோடு வந்தது. சங்கிலி விழவில்லை.

மேட்டு ஊராட்சியின் சாவியை வைத்திருந்த மேட்டு ஊர்க்காரன் சந்தைக்குப் போயிருந்தான். குழாய்க்காரன் தண்ணீர்த்தொட்டியின் மேலே நின்றிருந்தான். அவனுடைய போன் கீழே சைக்கிள் பையில் அடித்து அடித்து ஓய்ந்தது. டிரைவர் வெல்டிங் கடைக்கு ஓடி ஆளைக் கூட்டிவந்து சங்கிலியை அறுக்க இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. வண்டி போய்ச் சேர்ந்தபோது கூரை உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாவை நெருப்பு தொடவே இல்லை, புகைதான் கொன்றது என்றார்கள். அது ஒரு ஆறுதல் என்பதுபோலச் சொன்னார்கள்.

குழாய்க்காரன் கொட்டகைக்கு வந்தபோது அறுந்த சங்கிலி தரையில் கிடந்தது. அவன் பூட்டு நேராகக் கண்ணியைக் கவ்விக்கொண்டிருந்தது. பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. குனிந்து அதை எடுக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நடு ஊராட்சித் தலைவர் வந்து, சங்கிலியையும் பூட்டுகளையும் ஒரு சாக்கில் அள்ளிக் கட்டச் சொன்னார்.

அந்த டிரைவர் அவனுடைய தங்கை புருஷன்.

மாப்பிள்ளை நடந்ததை நடந்தபடியே சொன்னார். யாரோ தன் பூட்டைத் தள்ளிவிட்டு மாட்டியிருக்கிறார்கள் என்றார். நோட்டைப் புரட்டினார்கள். கடைசிக் கையெழுத்து அவருடையதே, முந்தின திங்கட்கிழமை. உனக்கப்புறம் ஒருத்தரும் கொட்டகையைத் திறக்கவில்லையே, பிறகு பூட்டை மாற்றியது பேயா பிசாசா என்று கேட்டார்கள். மூன்று ஊரிலும் அது பேச்சாகிவிட்டது. டீக்கடையில் ஒருவன் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, “குடிச்சுட்டேங்க, ஆனா டீ உள்ளேயே இருக்கு” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “பூட்டு திறந்துச்சாம், சங்கிலி விழலையாம்” என்பது சின்னப் பிள்ளைகள் வாயிலும் ஏறிவிட்டது.

குழாய்க்காரன் தினமும் சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனான். மாப்பிள்ளை முற்றத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாவியைத் திருப்புகிற மாதிரி மணிக்கட்டை மெல்லத் திருப்புவார். நிறுத்துவார். மறுபடி திருப்புவார். முதல் இரண்டு நாள் தான் சொன்னதில் உறுதியாக இருந்தார். நாலாம் நாள், ஒருவேளை பதற்றத்தில் வேறு சாவியைப் போட்டேனோ என்றார். ஏழாம் நாள், பூட்டு கையோடு வந்தது நிஜமா, தான் நினைத்துக்கொண்டதா என்று தெரியவில்லை என்றார். குழாய்க்காரன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தங்கை கொடுத்த டீயைக் குடித்தான். மனசைத் தளர விடாதீங்க மாப்பிள்ளை என்று சொன்னான். அவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்றுதான் ஒவ்வொரு நாளும் போனான். சொல்லாமல் கழிந்த ஒரு நாள் அடுத்த நாளின் வாயை இன்னும் இறுக்கிக் கட்டியது.

பன்னிரண்டாம் நாள் கூட்டுக் குழு மேட்டு ஊராட்சி மன்றத்தில் கூடியது. தகரக் கூரைக்குக் கீழே நீளமான மேஜை. ஒரு கால் ஆடாமல் இருக்க அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். மூன்று தலைவர்கள், குழுவின் செயலர், சுவரோரம் பெஞ்சில் குழாய்க்காரனும் மேட்டு ஊர்க்காரனும், கடைசியில் தனியாக மாப்பிள்ளை. கொட்டகைக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில்கூட ஏழு வருஷமாக ஒத்துப்போகாத மூன்று ஊர்களும் அன்றைக்கு அரை மணி நேரத்தில் ஒத்துப்போயின. மேலிடத்துக்குப் போக வேண்டிய அறிக்கையைச் செயலர் படித்தார். ஓட்டுநர் பதற்றத்தில் பூட்டைச் சரியாகத் திறக்காததே தாமதத்துக்குக் காரணம், அவரைப் பணியிலிருந்து நீக்குவது, கூட்டு ஏற்பாட்டில் குறை ஏதும் இல்லை. ஆற்றோர ஊராட்சித் தலைவர்தான் முதலில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். தன் ஊர் ஆளுக்காக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குறை ஏற்பாட்டில் என்று ஆகிவிட்டால் கூட்டு உடைந்து வண்டி கைவிட்டுப் போய்விடும், இன்னொரு வண்டி இந்த ஜன்மத்தில் வராது. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

குழாய்க்காரன் எழுந்தான். எழுந்தபிறகுதான் எழுந்துவிட்டதை உணர்ந்தான்.

“பூட்டைத் தப்பா மாட்டினது நான்” என்றான். “வியாழக்கிழமை ஸ்பேனர் எடுக்கப் போனேன். நோட்டுல எழுதல. அவர் பூட்டை விட்டுட்டுக் கண்ணியில மாட்டிட்டேன். அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேஜைமேல் காகிதத்தின் ஓரம் எழும்பிப் படிந்தது. அவன் அந்த ஓரத்தையே பார்த்தான். இதற்கு எத்தனையோ விதமான பதில்களை அவன் படுக்கையில் புரண்டு புரண்டு நினைத்துப் பார்த்திருந்தான். வந்த பதில் அவற்றில் இல்லை.

மேட்டு ஊராட்சித் தலைவர் நாற்காலியில் சாய்ந்து, இரக்கத்தோடு சிரித்தார். “தங்கச்சி வாழ்க்கைன்னா அண்ணன்காரன் எதுக்கும் துணிவான்யா. உன்னை மாதிரி ஒருத்தன் எனக்குக் கூடப்பிறக்கலையே” என்றார்.

மேட்டு ஊர்க்காரன்கூட அவன் முழங்கையைத் தொட்டு உட்காரச் சொன்னான். தலைகள் அசைந்தன. அவன் மறுபடி சொன்னான், குரலை உயர்த்திச் சொன்னான், சத்தியம் செய்தான். சொல்லச் சொல்ல அவன் நல்லவனாகிக்கொண்டே போனான். சங்கிலியைக் கொண்டுவாருங்கள், அறுந்த இடத்தைப் பார்த்தாலே தெரியும் என்றான். அது பழைய இரும்புக்காரனிடம் போய் நாலு நாள் ஆகிறது என்றார் செயலர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். மூன்று கையெழுத்தும் விழுந்தன.

வெளியே படிக்கட்டில் நடு ஊராட்சித் தலைவர் அவனைத் தனியே நிறுத்தினார். அவன் தோளுக்குமேலே தெருவைப் பார்த்தபடி பேசினார்.

“எனக்குத் தெரியும்ப்பா. நானும் சங்கிலியைப் பார்த்தேன்.”

அவன் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றான்.

“அப்பறம் ஏங்க?”

“செத்தவங்க திரும்ப வரப்போறதில்லை. மூணு ஊரும் இன்னைக்குத்தான் ஒரு பேச்சுல நிக்குது. அதைக் கலைச்சா அடுத்த வீடு எரியும்போது வண்டியே இருக்காது. உன் மாப்பிள்ளைக்கு வேற வேலை நான் பார்த்துத் தர்றேன். நீ வீட்டுக்குப் போ.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவனை அடித்துப்போட்டது. பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மாப்பிள்ளை சாவியையும் சீருடையையும் ஒப்படைக்க ஆபீசுக்குப் போயிருந்தார். குழாய்க்காரன் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனான். சேதி அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று அவனைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். அண்ணன் என்றால் இப்படி இருக்கணும் என்று ஒருத்தி சொன்னாள். தங்கை அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவள் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதி தேய்த்த பாத்திரங்கள் உள்ளே கிடந்தன. முகத்தில் அழுகை இல்லை. சின்ன வயதிலிருந்தே அவன் முகத்தைப் படித்து வந்தவள். அவன் சில்லறை திருடினாலும் சரி, பரீட்சையில் தோற்றாலும் சரி, அம்மாவுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

“உனக்குப் பொய் சொல்ல வராதுண்ணே” என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

தெருவில் ஒரு வண்டி போயிற்று. சொட்டுச் சொட்டாகக் குழாய் ஒழுகியது. அவன் கை தன்னையறியாமல் அதை இறுக்கப் போய், பாதியில் நின்றது.

“நானே அவரை நம்பல” என்றாள். “அன்னைக்கு ராத்திரி, குடிச்சிருந்தீங்களான்னு கேட்டேன். கட்டினவகிட்டே அதைக் கேட்டேன். அவர் வாயை ஊதிக் காட்டினார், சின்னப்பிள்ளை மாதிரி. பதினோரு நாள் நீ வந்து பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்ச.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தினாள்.

“எங்கிட்டே வேணாம். அவர் வருவார். அவர்கிட்டே சொல்லு.”

மாப்பிள்ளை வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. கை வெறுமையாக இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் தெரிந்தது. முற்றத்தில் உட்கார்ந்திருந்த குழாய்க்காரனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் தோளில் இடது கையை வைத்தார். வேலை போனது போகட்டும், இந்த உலகத்தில் எனக்காக நிற்க ஒருத்தர் இருக்கிறார் என்பது போதும் என்றார். நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மச்சான், செத்தவங்க பாவத்தை எதற்கு உங்கள் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள் என்றார். என் கை செய்த தப்பு, நானே சுமந்துகொள்கிறேன் என்றார். சொல்லிவிட்டு, பழக்கமாகிவிட்டபடி வலது மணிக்கட்டைத் திருப்பினார்.

இப்போது சும்மா இருந்தால் போதும் என்பது குழாய்க்காரனுக்கு ஒரு கணம் தெளிவாகத் தெரிந்தது. சும்மா இருந்தால் தோளில் அந்தக் கை எப்போதும் இருக்கும். மூன்று ஊரும் அவனை மதிக்கும். மாப்பிள்ளை வாழ்நாள் முழுக்க மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

“மாப்பிள்ளை, நான் உங்களுக்காகச் சொல்லல” என்றான். “நடந்ததைச் சொன்னேன்.”

மாப்பிள்ளை சிரிப்பு மாறாமல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், இவர் சொல்வதைக் கேட்டாயா என்பதுபோல. அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. தலையை ஆட்டவும் இல்லை. அவரையே பார்த்தாள். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

குழாய்க்காரன் சொன்னான். வெடித்த குழாய், ஸ்பேனர், சேறு படிந்த கை, எந்த வளையத்தை விட்டான், எந்தக் கண்ணியில் மாட்டினான். சனிக்கிழமை கொட்டகையில் எதைப் பார்த்தான், பார்த்தும் எப்படி நின்றான். எதையும் குறைக்கவில்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் முற்றத்தில் வெளிச்சம் சுவரின் பாதிவரை ஏறி, அங்கிருந்தும் போயிற்று.

“அப்போ திறந்துச்சு” என்றார் மாப்பிள்ளை.

அது கேள்வியாக இல்லை. அவர் தன் வலது கையை மடியில் விரித்து வைத்து அதைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும். திறந்துச்சு. கையோட வந்துச்சு.”

பிறகு இடது கையை மச்சானின் தோளிலிருந்து எடுத்தார். உதறவில்லை, தள்ளவில்லை. மெல்ல எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். தங்கை வந்து புருஷன் அருகில் நின்றாள். குழாய்க்காரன் போவதற்கு எழுந்தான். யாரும் அவனை இருக்கச் சொல்லவில்லை.