இரண்டு மாடி நிற்காமல்

என் மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "இனிமே இவ ஒரு வேலையும் செய்யக் கூடாதில்லையா டாக்டர்?" என்பதுதான். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவரே தலையையும் ஆட்டிக்கொண்டார். இருபத்து நான்கு நாள் கழித்து ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சொல்லாமல் கொள்ளாமல் என் உடம்பில் குடியேறிய சனியனுக்கு அதற்கு மேல் ஒரு நாள்கூட இடம் கொடுப்பதாக இல்லை.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். அந்த மாதிரிக் காரில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் இருக்கும் இவர் காலடியில் ஒரு பிரேக். முப்பது வருஷமாக அடுத்தவர் ஓட்டும் வண்டிக்கு பிரேக் போட்டே பழகிய கால் வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கினார். தண்ணீர் குடிக்க எழுந்தால் டம்ளரோடு எதிரே வந்து நின்றார். யாராவது ஃபோனில் என்னை விசாரித்தால், "அவ படுத்திருக்கா" என்பார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிடும்.

அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படுத்துக்கிடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே ஃபேன் சுற்றும், அதைவிட வேகமாக மனசு சுற்றும். மார்பை எடுத்துவிட்டால் எப்படி இருப்பேன், வேறு எங்கேயாவது பரவியிருக்குமோ, நான் போய்விட்டால் இந்த மனுஷனுக்குச் சட்டைப் பட்டன் தைக்கத் தெரியுமா. நோய் தின்றது கொஞ்சம்தான். மிச்சத்தை நாலே நாளில் யோசனை தின்றுவிட்டது.

ரத்தம் எடுக்கப் போன அன்று வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். "தூக்கம் வருதாம்மா?" என்று நர்ஸ் கேட்டார். அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டேன். அவர் என் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே சொன்னார்:

"ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்குல்ல, அதுவரைக்கும் படுக்காதீங்க. நடங்க. மாடி ஏறுங்க, கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். உடம்பும் தேறும், மனசும் அடங்கும். உங்க டாக்டரும் இதையேதான் சொல்லச் சொன்னாரு."

வீட்டுக்காரர் வந்ததும் அவரிடம் சொன்னேன். "அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க" என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்.

"அப்போ வேலைக்காவது போறேன்" என்றேன். அதற்கு மட்டும் சம்மதித்தார். ஏனென்றால் நான் எட்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவள். "உக்கார்ற வேலைதானே, போயிட்டு வா." உண்மைதான். லிஃப்ட் அக்கா என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஊரையே ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒரு நாளும் அந்தக் கட்டடத்தின் படியில் கால் வைத்ததில்லை.

திரும்பிப் போன அன்று லிஃப்டில் என் முதுகுக்குப் பின்னால் "பாவம்" என்று கிசுகிசுத்தார்கள். நாலடிப் பெட்டிக்குள் கிசுகிசுத்தால் கேட்காதா? ஆறாம் மாடிக் கணக்காளர் இன்னும் ஒரு படி மேலே போய், "அக்கா, பட்டனை நான் அமுக்கட்டுமா?" என்றார்.

"விரலுக்கு ஒண்ணும் வரல சார்" என்றேன். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

அந்தக் கோபத்தோடுதான் மதிய இடைவேளையில் லிஃப்டைப் பூட்டிவிட்டுப் படியில் கால் வைத்தேன். முதல் மாடியிலேயே நெஞ்சு படபடத்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி இரைத்தேன். ஆனால் மூச்சு திரும்பியபோது ஒன்று உறைத்தது. ஏறிய அத்தனை நேரமும் நான் சாவை நினைக்கவே இல்லை. அடுத்த படி, அதற்கு அடுத்த படி, அதைத் தவிர மண்டையில் எதற்கும் இடமில்லை. அன்றைக்கு டப்பாவில் இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. சில நாள் ஒரு மாடியோடு சரி. ஒரு நாள் நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். இரண்டாவது வாரக் கடைசியில் நிற்காமல் ஐந்து மாடி ஏறினேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஆபரேஷனுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். சின்னப் பெண், எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயசுதான் இருக்கும். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நிக்காம ரெண்டு மாடி ஏற முடியுமா உங்களால?"

"ஐயோ, ஒரு படிகூட ஏற விடறதில்ல டாக்டர்" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. "கால் தரையில படாம பாத்துக்கறேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "அப்போ ஏறினா மூச்சு திணறுமான்னே தெரியாதா? பிரஷர் வேற இருக்கு. இதயத்துக்கு இன்னும் சில டெஸ்ட் எடுத்துப் பாக்கணும். தேதி ரெண்டு வாரம் தள்ளிப் போகலாம்."

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். இன்னும் இரண்டு வாரம் இந்தச் சனியனோடா?

"டாக்டர், கேள்வி என்னைத்தானே கேட்டீங்க? நான் அஞ்சு மாடி ஏறுவேன்."

"இவ லிஃப்ட்ல வேலை பாக்கறவ டாக்டர். பயத்துல ஏதோ உளர்றா."

நான் எழுந்துவிட்டேன். "படி எந்தப் பக்கம்?"

டாக்டர் ஒரு கணம் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு நாடித்துடிப்பு காட்டும் கிளிப்பை என் விரலில் மாட்டிவிட்டு, அவளும் கூடவே வந்தாள். நான் ஏறினேன். பின்னாலேயே "மெதுவா, மெதுவா" என்று வந்துகொண்டிருந்த குரல் முதல் மாடி தாண்டியதும் நின்றுவிட்டது. இரைப்பு மட்டும் கேட்டது. அது என்னுடையதல்ல. இரண்டாம் மாடியில் டாக்டர், "போதும்மா" என்றாள். நான் நிற்கவில்லை. மூன்றாவது மாடி டாக்டருக்காக ஏறியதல்ல, என் வீம்புக்கு ஏறியது.

அவள் கிளிப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது போதும். அந்த டெஸ்ட்டெல்லாம் வேண்டாம்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "மனசு எப்படி இருக்கு?"

பக்கத்தில் எனக்காகப் பதில் சொல்ல யாரும் இல்லை.

"பயமா இருக்கு" என்றேன். "செத்துருவேனோன்னு பயமா இருக்கு டாக்டர்."

இதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை. படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. கீழே இரைப்புச் சத்தம் சட்டென்று அடங்கியது. பிறகு தடதடவென்று படியேறும் சத்தம். வீட்டுக்காரர் வந்து என் பக்கத்தில் நின்றார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. உட்காரு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. "எனக்கும்தான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

"அந்தத் தேதியே இருக்கட்டும் டாக்டர்."

அதையும் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.