வடகடலில் கொட்டிய உப்பு

கடலோட்டத்தைக் கணக்கிடும் எங்கள் கணினி நிரலுக்கு அலுவலகத்தில் மாமியார் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் குறை சொல்வாள், ஆனால் அவள் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது.

என் தங்கைக்கும் அந்தப் பெயர் தெரியும். வடகடலோரம் ஒரு துறைமுக ஊரில் வேலை கிடைத்து, கைக்குழந்தையோடு அங்கேயே வீடு வாங்கப் போகிறாள். "மத்தியானம் வீட்டுப் பத்திரத்துல கையெழுத்து. உன் மாமியாரை ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று காலையில் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றைய வேலை, பனியுகம் முடிந்த காலத்துக் கடலைக் கணக்கிடுவது. வெதுவெதுப்பான நீர் மேலாக வடக்கே போய், குளிர்ந்து கனத்து, அடியில் இறங்கித் திரும்பும். அப்போது உருகிய பனியின் நன்னீர் கலந்ததும் நீர் லேசாகிவிட்டது. இறங்கவில்லை. ஓட்டம் நின்று வடக்கு மறுபடி உறைந்தது. கடலடிச் சேற்றில் அதற்குத் தடயம் இருக்கிறது. மாமியாரோ ஓட்டம் நிற்கவே நிற்காது என்றாள்.

நிரலைத் துருவினேன். ஒரு மூலையில் சில வரிகள் கிடந்தன: ஓட்டம் தளர்ந்தால் வடகடலில் உப்பைக் கூட்டு. உப்பு கூடினால் நீர் கனத்து இறங்கிவிடும். அவற்றை நீக்கினேன். சேறு சொன்னபடியே ஓட்டம் நின்றது. துள்ளிக் குதித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. இன்றைய கடலுக்கு ஆபத்தில்லை என்று அறிக்கை எழுதுவதும் இதே நிரலை வைத்துத்தான். உப்பைக் கூட்டாமல் இன்றைய கடலை ஓட்டிப் பார்த்தேன். திரையில் கோடு சரிந்துகொண்டே போய்த் தரையைத் தொட்டது. தங்கை மகனுக்கு மீசை முளைப்பதற்குள் ஓட்டம் நின்று, அவள் ஊர் உறைந்துவிடும்.

மடிக்கணினியோடு எங்கள் பிரிவுத் தலைவரிடம் ஓடினேன்.

"அந்த வரிங்களா? நான்தாம்மா போட்டேன். அப்பல்லாம் ஓட்டம் சும்மா சும்மா நின்னு போகும். நிரல்ல கோளாறுன்னு முட்டுக் கொடுத்தேன்."

"கோளாறு இல்லேன்னா, சார்?"

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கணக்கை முதலிலிருந்து மறுபடி ஓட்டினார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

கைபேசி அடித்தது.

"அக்கா, பேனாவைக் கையில எடுத்துட்டேன். போடவா?"

"போடாதடி."

"விளையாடாதக்கா, எல்லாரும் காத்திருக்காங்க. காலையில சிரிச்சியே, அதுக்குள்ள உன் மாமியார் என்ன சொல்லிட்டா?"



"அவ பல வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கா. நாங்கதான் அவ வாயை அடைச்சுக்கிட்டே இருந்திருக்கோம்."