உறையாத கடல்பாசி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஊரிலுள்ள எல்லோருடைய பார்வையும் அத்துப்படி. சொந்த வீட்டு அடுப்புதான் அந்நியம். மனைவி கண்மூடியதிலிருந்து அவருடைய சமையல்கலை முட்டை அவிப்பது, ரொட்டி வாட்டுவது என்று இரண்டு அத்தியாயங்களோடு நின்றுபோயிருந்தது. உப்புப் போட மறந்தாலும் குறை சொல்ல ஆளில்லை. அதுதான் குறை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அம்மாவை வழியனுப்பிய நாளுக்குப் பிறகு இந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. சனிக்கிழமை திடீரென்று போன் செய்தாள்.

"நாளைக்கு மத்தியானம் வர்றேன்பா."

"ராத்திரி தங்குவியாம்மா?"

"வந்து பாக்கறேன்."

"என்ன சமைக்கட்டும்?"

"நீங்களா? வீட்டுக்கு நெருப்பு வெச்சுடாதீங்க. சாப்பாட்ட வெளியில வாங்கிக்கலாம். முடிஞ்சா கடல்பாசி மட்டும் செய்ங்க, அம்மா செய்யுற மாதிரி."

கடல்பாசி நன்றாக அமைந்துவிட்டால் தங்கிவிடுவாள் என்று அவர் மனம் அடித்துச் சொன்னது. மனத்துக்கென்ன, அது எதைத்தான் சொல்லாது? உடனே கடைக்குக் கிளம்பினார்.

"எந்தக் கடல்பாசிண்ணே? இலையா, நூலா?" என்று கேட்டாள் மளிகைக்கடை அம்மா.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலில் வெள்ளை வெளேரென்று உறைந்து, ஸ்பூன் பட்டால் நடுங்கும் கடல்பாசியைக் கிண்ணம் கிண்ணமாக வழித்துத் தின்றவர்தான். ஆனால் அது பாத்திரத்துக்குள் போகும்போது எப்படியிருக்கும் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"நல்லதா பாத்துக் குடும்மா."

"இலைதான் விலை ஜாஸ்தி."

"அப்ப அதுதான்."

வீட்டுக்கு வந்து பிரித்தால், பழைய செருப்புத் தோல் மாதிரி கறுப்பாக ஏதோ இருந்தது. பாக்கெட்டின் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. அவருடைய கண்ணாடியோ கடை மேஜையில் கிடந்தது. ஊருக்கெல்லாம் படிக்கக் கண்ணாடி கொடுப்பவர், படிக்காமலேயே முழுப் பாக்கெட்டையும் மறுநாள் காலையில் தண்ணீரில் கொட்டினார். குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, கடல்பாசி பாத்திரத்தை விட்டு இறங்கி சிங்க்கில் கால் நீட்டிப் படுத்திருந்தது. வாளிக்கு மாற்றினார். ஒரு பிடியைப் பாலில் போட்டு, சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டார். பால் சாம்பல் நிறமானது. ஆறினால் உறையும் என்று தட்டில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தார். போகும்போதும் வரும்போதும் திறந்து, தட்டை லேசாக ஆட்டிப் பார்த்தார். அது அலை அடித்தது.

மகள் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"என்னப்பா இது, குட்டைத் தண்ணியா?"

"கடல்பாசிம்மா. கொஞ்சம் இளகலா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல..."

அதற்குள் வாளியைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, இது சூப்புல போடறதுப்பா! அம்மா போடறது வெள்ளையா, நூல் நூலா இருக்குமே. நீங்க பாத்ததே இல்லையா?"

"எனக்குக் கிண்ணத்துல வந்தாத்தானே தெரியும்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவும் இதத்தான் சொல்வாங்க. 'உங்கப்பா ஊர்ல எல்லார் கண்ணையும் பாப்பாரு, நான் என்ன செய்யறேன்னு மட்டும் பாக்க மாட்டாரு'ன்னு."

"கோவமாவா சொன்னா?"

"சிரிச்சுக்கிட்டேதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

மகள் பூண்டைத் தட்டினாள், மிளகைப் பொடித்தாள், வாளியிலிருந்து இரண்டு பிடியை அள்ளி அரிந்து போட்டாள். அவர் பக்கத்திலேயே நின்றார்.

"என்னப்பா, குறுக்கால?"

"பாக்கறேன்."

கொதியில் கறுப்பு கரைந்து இலைகள் பச்சையாக விரிந்தன. கடைசியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள். இருவரும் குடித்தார்கள். நன்றாகவே இருந்தது. அதை அவர் சொல்ல வாயெடுத்தபோது, அவள் மூடியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பறேன்பா. ராத்திரி இங்க... என்னால முடியும்னு தோணல."

"ஆமாமா, நாளைக்கு உனக்கு வேலை இருக்குமே" என்று, அவள் சொல்லவேண்டிய சாக்கை அவரே எடுத்துக் கொடுத்தார்.

என்றைக்கும் ஆடி அசைந்து வருகிற பஸ், அன்றைக்கென்று நேரத்துக்கு வந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்த மகள் மூடிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை. சரி சரி என்று தலையை ஆட்டிவைத்தார்.

பஸ் மறைந்த பிறகுதான், அந்த உதட்டசைவைத் தன் வாயில் வைத்துப் பார்த்தார். 'வர்றேன்' மாதிரிதான் இருந்தது. ஆனால் போகிறவர்கள் எல்லோரும் சொல்வதும் அதைத்தானே. திரும்ப நடக்கையில், "வர்றேன்... வர்றேன்..." என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார்.

எதிரே வந்த ஆள் நின்று, "எங்க வர்றீங்க?" என்று கேட்டான்.