காது கேளாதோர் கவனத்திற்கு

எங்கள் யசெனோவ்காவின் ஊராட்சி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாக அறிவிப்பு வாசிப்பவள் நான். முதலில் அரை நிமிஷம் ஒரு பாட்டு ஓடும். பிறகு மைக்கைத் தட்டிவிட்டு, கோழிக்குஞ்சு வண்டி வந்திருக்கிறது, நாளைக்குத் தண்ணீர் வராது, இன்னாருக்கு இத்தனை மணிக்கு அடக்கம் என்று இரண்டு தடவை வாசிப்பேன். கம்பங்களில் கட்டிய பதினாறு ஒலிபெருக்கிகளும் அதை ஊர் முழுக்கச் சொல்லும். வாசித்ததை நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும் என்பது விதி.

2011 வசந்தத்தில் ஊர்த்தலைவர், அறிவிப்புகளைக் கைபேசிக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தார். எண்ணைக் கொடுக்க முதலில் வந்து நின்றவள் மார்கிதா. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது, ஏற்ற இறக்கம் இல்லாமல், கொஞ்சம் சத்தமாக. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

அவள் சின்னவளாக இருந்தபோது ஊரில் முரசுக்காரர் இருந்தார். தெருமுனையில் நின்று முரசடித்துவிட்டு அறிவிப்பைப் படிப்பார். மார்கிதா ஓடிப்போய் அவர் முகத்துக்கு நேராக நின்றுகொள்வாள். அவளுக்குப் பதினோரு வயதானபோது ஒலிபெருக்கி வந்தது. அதற்கு உதடு கிடையாது.

அப்புறம் அவளுக்கு ஊர்ச்செய்தி வந்த வழி பக்கத்து வீட்டு வெண்டெலின். மரம் வெட்டுகிறவர், மேலுதட்டை முழுக்க மூடிய மீசைக்காரர். அவர் பேச்சு மார்கிதாவுக்குப் பிடிபடாது. அதனால் தன் கொட்டகைக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதிவிடுவார். அவள் சமையலறை ஜன்னலுக்கு நேரே அந்தக் கதவு. பதிலுக்கு ஞாயிறுதோறும் ஒரு தட்டுக் கசகசாச் சுருள் ரொட்டி அவர் வீட்டுக்குப் போகும்.

கைபேசியில் அறிவிப்பு வரத் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். மார்கிதா அலுவலகத்துக்கு வந்தாள்.

"இரென்கா, பழசெல்லாம் எழுதி வச்சிருக்கியாமே. நான் படிக்கலாமா?"

"அதுல என்னக்கா இருக்கு? நாய்க்கு ஊசி, பன்னிக்கு ஊசி."

"ஊருக்கே தெரிஞ்சது எனக்கும் தெரியட்டுமே."

ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். தினமும் காலையில் வந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். இடையிடையே, "எண்பத்தாறுல பன்னிக்கு இலவச ஊசியா? அந்த வருஷந்தான் எங்க பன்னி செத்துச்சு," என்பாள். நான் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள். நான்காம் நாள் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

1994 மார்ச். என் கையெழுத்து. "காது கேளாதோர் கவனத்திற்கு: ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, ப்ரெஸ்னோ நகரப் பண்பாட்டு இல்லத்தில் காது கேளாதோர் கூடுகிறார்கள். பேருந்துக் கட்டணம் திருப்பித் தரப்படும்." பக்கத்தில், இரண்டு முறை வாசித்ததற்கு இரண்டு டிக்.

"இத நீதான் வாசிச்சியா?"

"ஆமாக்கா."

"மைக்குல?"

"மைக்குலதான்."

"இங்கேர்ந்து எங்க வீடு எவ்வளவு தூரம்?"

"நூறு அடி இருக்கும்."

அவள் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தத் தாளை வாசித்த நாள் எனக்கு நினைவே இல்லை. ஊரில் காது கேளாதவர் அவள் ஒருத்திதான். வாசித்தபோது அவள் முகம் ஒரு நொடிகூட எனக்குள் வந்திருக்கவில்லை. வேலை முடிந்தது என்று டிக் போட்டிருக்கிறேன். அதைக் கேட்ட நானூறு பேரில் ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை.

"வெண்டெலின் கேட்டிருப்பான். நீயும் வா. அவன் சொல்றத எனக்குச் சொல்லணும்," என்றாள்.

வெண்டெலின் முற்றத்தில் ரம்பத்துக்குக் கூர் வைத்துக்கொண்டிருந்தார். நோட்டை நீட்டினேன். படித்துவிட்டு ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"ஞாபகம் இருக்காண்ணே?"

"இருக்கு." மார்கிதாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "சுண்ணக்கட்டிய எடுத்தேன். கதவு வரைக்கும் போனேன். அந்தக் குளிர்காலத்துலதான் என் பொண்டாட்டி போய்ச் சேர்ந்தா. ஞாயித்துக்கிழமை கதவத் தட்ட இவ ஒருத்திதான். அங்க போனா தன்ன மாதிரி ஆளுங்க கிடைப்பாங்க, அங்கேயே ஒட்டிக்குவான்னு தோணுச்சு. அடுத்த வாரம் எழுதலாம்னு வச்சேன். அப்புறம் எழுதுறதுக்கே வெக்கமாப் போச்சு."

ஒரு வார்த்தை விடாமல் நான் உதட்டை அசைத்துச் சொன்னேன். மார்கிதா பார்த்து முடித்து, அந்தக் கதவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எனக்கு நாப்பத்தோரு வயசு," என்றாள். அந்த ஞாயிறு தட்டு போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை.

அந்தக் கூட்டம் இன்னும் நடக்கிறதா என்று நான் ப்ரெஸ்னோவுக்கு ஃபோன் போட்டு விசாரித்தேன். நடந்தது. ஜூன் முதல் வியாழக்கிழமை மார்கிதா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறினாள். சாயங்காலம் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"பதினோரு பேரு. எல்லாரும் கையால பேசுறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. அங்கயும் நான்தான் செவிடு."

காது போனபின் அவளைக் காது கேளாதோர் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். சைகை மொழி கற்றுக்கொடுக்க ஆளில்லை. "இனிமே போகவேணாம்னு இருக்கியா?" என்றேன்.

"ஏன் போகாம? ஒரு கிழவி எனக்கு 'காப்பி' சொல்லிக்கொடுத்தா." ஒரு முஷ்டியின் மேல் இன்னொரு முஷ்டியை வைத்து அரைத்துக் காட்டினாள்.

மாதம் ஒருமுறை போனவள், இலையுதிர்காலத்தில் வாரம் ஒருமுறை போகத் தொடங்கினாள். அந்தக் கிழவியின் வீட்டிலேயே பாடம். அலுவலகத்துக்கு வந்தால் என் மேஜைச் சாமான்களுக்கெல்லாம் கையால் பெயர் சொல்வாள்.

வெண்டெலினிடம் நவம்பர் வரைக்கும் பேசவில்லை. அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது தெரிந்ததும் சூப் கொண்டுபோனாள். கிண்ணத்தை வைத்துவிட்டு, "மீசைய எடு. இனிமே நீ சொல்றத உன் வாயிலேர்ந்தே பாத்துக்கறேன்," என்றாளாம். ஐம்பது வருஷ மீசை. பாதிரியார் சொல்லியும் எடுக்காத மனுஷன், அடுத்த ஞாயிறு கோவிலுக்கு வெறும் உதட்டோடு வந்தார். குழந்தை மாதிரி இருந்தார். பக்கத்து பெஞ்சுக்காரர்களுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை.

நானும் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டேன். வாசித்தவுடன் டிக் போடுவதில்லை. யாருக்கான சேதியோ அவர் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிவிட்டு வந்துதான் போடுகிறேன். தலைவர் கேலி பண்ணுகிறார். பண்ணட்டும்.

போன டிசம்பரில் மார்கிதா என்னையும் ப்ரெஸ்னோவுக்குக் கூட்டிப்போனாள். ஒரு நீள மேஜை, கேக், காப்பி, இருபது கைகளின் பேச்சு. மார்கிதாவும் ஒரு சிவப்புத்தலைக்காரியும் எதையோ வேகவேகமாக விவாதித்தார்கள். மேஜையே குலுங்கச் சிரித்தது. நான் மட்டும் கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் முழங்கையைத் தொட்டு, "என்னக்கா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

கையை நிறுத்தாமலே, "அப்புறம் சொல்றேன்," என்றாள்.

பஸ்ஸில் சொன்னாள். யாரோ ஒருவரின் மருமகன் வெட்டிய வாத்தை ஃப்ரீசரில் வைக்காமலே கிறிஸ்துமஸ் வரை வைத்திருக்கப் பார்த்த கதை. அவ்வளவு சிரிக்க அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குப் பட்டது.

"அத அவங்க கையால சொன்னப்பவே நீ கேட்டிருக்கணும்," என்றாள் மார்கிதா.