மூன்றாம் மாடியின் பீரங்கி

எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு மாடியும் தனி நாடான பிறகு, மூன்றாம் மாடியும் முதல் மாடியும் கூட்டணி வைத்துக்கொண்டன. அதுவரை தண்ணீர்த் தொட்டிக்காக நாற நாறச் சண்டை போட்டவர்கள்.

"உங்களுக்கு எங்ககிட்ட என்ன பிடிக்கும்?" என்று கேட்டார் எங்கள் மூன்றாம் மாடி அதிபர் சடகோபன்.

"அது எதுக்கு சார்? யாரைப் பிடிக்காதுன்னு சொல்லுங்க," என்றார் முதல் மாடித் தளபதி பிலோமினா.

"ரெண்டாம் மாடிய."

"எங்களுக்கும் அதேதான்."

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் மாடியில் என் தங்கை பூங்கோதை இருக்கிறாள்.

"அவங்க என்ன சார் பண்ணாங்க?" என்று கேட்டேன்.

"நடுவுல இருக்காங்களேம்மா."

ஒப்பந்தப்படி குண்டு முதல் மாடியுடையது, பீரங்கி எங்களுடையது. எங்களிடம் பீரங்கி இல்லை.

"கொடியேத்தும்போது யாரு ரொம்ப விறைப்பா நின்னது?" என்றார் சடகோபன்.

எல்லோரும் என் கணவர் இளவழகனைக் காட்டினார்கள். அவருக்கு ஒரே பெருமை. இன்னும் விறைத்தார். கழுத்து நீண்டது. உடம்பு கறுத்தது. தோளைத் தொட்டேன். இரும்பு. கையை எடுக்கத் தோன்றாமல் நின்றேன்.

"இவர் எங்க வீட்டுக்காரர் சார்."

"இனிமே ரெண்டு நாட்டுக்கும் சொந்தம்."

சக்கரம் மாட்டிப் படியில் இறக்கினார்கள். படிகள் அன்று ஒரு தெரு நீளத்துக்கு இருந்தன. இறங்க இறங்க தேசிய கீதம் பாடினார்கள், இரண்டு கீதங்களையும் ஒரே நேரத்தில். பூங்கோதையின் வாசலில் நிறுத்தினார்கள். பிலோமினா என் கணவர் வாயில் குண்டைத் திணித்தார்.

பூங்கோதை கதவைத் திறந்தாள். கையில் தோசைக்கரண்டி.

"என்னக்கா, அத்தான் இப்படி இளைச்சுட்டாரு? சாப்பிட்டாரா இல்லையா?"

"இப்பதான்," என்றேன்.

"உள்ள கூட்டிட்டு வா. தோசை சூடா இருக்கு."

சக்கரம் தானாகவே வாசலை நோக்கி லேசாக உருண்டது.

"முன்னேறுது!" என்றார் பிலோமினா. இரண்டு நாடுகளும் கைதட்டின. பிலோமினா தீக்குச்சியைக் கிழித்தார்.

நான் குறுக்கே போய் என் கணவரின் வாயை உள்ளங்கையால் மூடினேன்.

சடகோபன் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீங்க எந்த மாடியில பொறந்தீங்கம்மா?"

நான் கையை எடுக்கவில்லை.

"இதே வீட்டுலதான் சார் பொறந்தா," என்றாள் பூங்கோதை சந்தோஷமாக. "நீங்களும் வாங்க, எல்லாருக்கும் மாவு இருக்கு."

கைதட்டல் நின்றது. தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. என் உள்ளங்கையில் கணவரின் மூச்சு சுட்டது.