ஆறு மில்லிமீட்டர் விலகல்

கடைசி உத்தரம் கிரேன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலுள்ள துளைகளும் தூணிலுள்ள துளைகளும் நேருக்கு நேர் வரவில்லை. ஆறு மில்லிமீட்டர் விலகல். போல்ட் நுழையாது.

தவறு என்னுடையது. இரும்புக் கட்டடத்தில் எல்லாத் தூணும் உத்தரமும் நின்ற பிறகுதான் போல்ட்டுகளை முழுதாக இறுக்க வேண்டும்; அதுவரை தூண்கள் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும். கல்லூரியிலேயே படித்தது. முந்தாநாள், போல்ட் பூட்டும் ஃபிட்டர் விடுப்பிலிருந்தபோது, ஒரு பக்கம் முழுவதையும் இறுக்கச் சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. மனைவி இறந்து நான்கு மாதம். பல காரியங்கள் அப்படித்தான் நடந்தன.

மூன்றாம் மாடி உயரத்தில், சாரத்தில் மூவர் நின்றோம். பொறியாளரான நான், ஃபிட்டர், அவருடைய மனைவியின் தம்பியான வெல்டர். மச்சான் மாப்பிள்ளைக்குள் ஓயாத சண்டை.

"நட்டு போல்ட்டுல பொம்மை செய்யலாம் மச்சான். கட்டடம் நிக்கணும்னா பத்தவைக்கணும்."

"நீ பத்தவெச்சதைச் சோதிக்கத் தனியா ஒரு ஆளு வரணுமேடா!"

காற்று வலுத்தால் உத்தரத்தை இறக்கிவிடுவதாகக் கிரேன்காரர் கீழிருந்து கத்தினார்.

"போல்ட் வேண்டாம். அப்படியே வெல்ட் பண்ணிடு," என்றேன் வெல்டரிடம்.

அவன் முகமூடியை இறக்கவில்லை. துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான்.

"வேணாம் சார். தூணு விறைச்சுக்கிட்டு நிக்குது. இப்படியே பத்தவெச்சா அந்த இழுப்பு முழுக்க என் வெல்டுலதான் உக்காரும். வேற எவனுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். இது மச்சான் வேலை."

சண்டையில் ஜெயிக்க வந்த வாய்ப்பை இவ்வளவு எளிதாக விட்டவனை நான் பார்த்ததில்லை.

ஃபிட்டர் என் பக்கம் திரும்பினார்.

"இறுக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"படிச்ச ஆளுதானே நீங்க? கையை வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் சும்மா இருக்க முடியாதா?"

நான்கு மாதமாக யாரும் என்னைத் திட்டவில்லை. காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல்தான் எல்லோரும் பேசினார்கள்.

"தப்புதான்," என்றேன்.

இருவரும் அந்தப் பக்கத்துப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். பிறகு ஃபிட்டர் ஒரு கூர்முனைக் கம்பியைத் துளையில் செருகி மூன்று அடி அடித்தார். இரும்பு முனகியது. பிறையாகத் தெரிந்த துளை வட்டமானது. முதல் போல்ட் தள்ளாமலே நுழைந்தது.

"பாத்தியாடா?"

"பாத்தேன், பாத்தேன். வருஷத்துல ஒரு நாள் உன் ஸ்பானரும் உருப்படுது."

உத்தரத்தின் எட்டு போல்ட்டும் நுழைந்தபின் கொக்கியை அவிழ்த்தோம். உத்தரம் அசையவில்லை. ஃபிட்டர் தூக்குக்குண்டு விட்டுத் தூண் நேராக நிற்கிறதா என்று பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். பிறகு ஸ்பானரை என்னிடம் நீட்டினார்.

"இப்போ இறுக்குங்க."

இறுக்கினேன். மறுபக்கம் வெல்டர் நட்டைப் பிடித்துக்கொண்டான். அந்த உத்தரத்தில் இன்னும் ஏழு இருந்தன.