இரண்டு பேர் சொன்ன ஒரே கதை

ஆபீஸ் குழாயடியில் அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. ஒரு கையில் சோப்பு நுரை, மறு கையில் போன். பேசியது அவள் ஏஜென்சி வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றின் தலைமை என்ஜினியர். வணக்கம், நலமா என்றெல்லாம் சொல்லிப் பழக்கமில்லாத பெண்மணி.

"நேத்து இன்டர்வியூவுக்கு நீங்க அனுப்பின ஆளும் இன்னிக்கு அனுப்பின ஆளும் ஒரே கதையைச் சொல்றாங்க. மருந்து கம்பெனி, ரெண்டு டேட்டாபேஸ், ரெண்டும் நான்தான் ராஜான்னு நெனச்சுக்கிட்டு ஆர்டர் வாங்கினது. யார் சொல்லிக் குடுத்தது? நீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்." யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

"நேத்து வந்தவர், மாமியாரும் மருமகளும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் ஒரே சட்டியில உப்பு போட்ட மாதிரின்னு சொன்னார். எல்லாரும் சிரிச்சோம். இன்னிக்கு இவர் அதே கதையை எடுத்ததும் யாருக்கும் சிரிப்பு வரல. சாயங்காலத்துக்குள்ள எனக்கு பதில் வேணும். இல்லன்னா அந்த ரெண்டு பேரும் வேண்டாம், உங்க ஏஜென்சியும் வேண்டாம்."

போன் அடங்கிய பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாமியார், மருமகள், சட்டி, உப்பு எல்லாமே அவள் சரக்கு.

இதைப் புரிந்துகொள்ள அவள் தொழில் கற்ற விதத்தைச் சொல்லியாக வேண்டும். கடைகளுக்கு விற்பனை ஆட்களைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். ஒரு நல்ல நாளில் மேனேஜர், இனிமேல் நாம் கம்ப்யூட்டர் துறைக்கு மட்டும் ஆள் எடுக்கும் சிறப்பு ஏஜென்சி என்று அறிவித்தார். வாசலில் பலகை மாறியது. உள்ளே மண்டை மாறவில்லை. டேட்டாபேஸைக் காவல் காப்பவரை, டேட்டாவை அலசிக் கணக்குச் சொல்லும் வேலைக்கு அனுப்பிவைத்து அவமானப்பட்டவள். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, இனி நீந்தித்தான் ஆகவேண்டும் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலை தேடி வருபவரிடம் "கடைசியா உங்க கையில எது உடைஞ்சுது?" என்று கேட்பாள். அவர் சொல்வதை வாங்கி, தன் சொந்த மொழியில், தன் சொந்தச் சமையலறை உவமைகளோடு, அடுத்து வருபவரிடம் சொல்லிப் பார்ப்பாள். "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?" என்ஜினியர்களிடம் ஒரு குணம் உண்டு. உதவி கேட்டால் நேரமில்லை என்பார்கள்; தப்பாகச் சொன்னால் திருத்தாமல் போகமாட்டார்கள். அப்படித் திருத்தித் திருத்தியே அவளை ஒரு ஆளாக்கிவிட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அடுத்தவர் அனுபவத்தை அள்ளி அள்ளிப் பரிமாறுகிறோமே என்று ஒருநாளும் அவளுக்கு உறைத்ததில்லை.

கதையின் சொந்தக்காரருக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் மௌனசாமி. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் போய் காபி குடித்துவிட்டு வரலாம். மருந்தை வீட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே முதன்மை டேட்டாபேஸ் ஒன்று, அது விழுந்தால் அதன் இடத்தில் உட்கார நகல் ஒன்று. ஒருநாள் இரண்டுக்கும் நடுவிலிருந்த இணைப்பு அறுந்தது. முதன்மை செத்துவிட்டது என்று நினைத்து நகல் நாற்காலியில் ஏறியது. முதன்மையோ சாகவில்லை. இரண்டும் தனித்தனியாக ஆர்டர் வாங்க ஆரம்பித்தன. அதைக் கண்டுபிடித்து, நிறுத்த வேண்டியதை நிறுத்தி, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்று சேர்த்தவர் மௌனசாமி. அதற்குப் பரிசாக அவர் வேலை போனது. "கஸ்டமர் யாரும் ஆர்டர் போட முடியலன்னு என்னைத் தூக்கிட்டாங்க மேடம்," என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் வேலை அமையவில்லை. இடையில் ஏன் இவ்வளவு இடைவெளி என்று கேட்பார்கள், கதையைக் கேட்கப் பொறுமை இருக்காது. முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அந்தக் குரலைக் கேட்டபின் "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?" என்று பாடம் ஒப்பிக்க அவளுக்கு மனசு வரவில்லை. எல்லாம் புரிந்ததுபோல் தலையை ஆட்டிவைத்தாள்.

அடுத்து அவளிடம் வந்தவன் சரவெடி; ஆனால் இன்டர்வியூவுக்கு முதல் நாளே போனவன் இவன்தான், மௌனசாமி போனது மறுநாள். பெயரே போதும். அவனிடம் அவள் மௌனசாமியின் கதையை வழக்கம்போலச் சொல்லிப் பார்த்தாள். அவன் எதையும் திருத்தவில்லை. "கரெக்ட்க்கா, சூப்பர்க்கா" என்றான். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாராட்டு கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டதால் சந்தேகம் வரவில்லை.

டப்பாவை ஈரத்தோடு அப்படியே வைத்துவிட்டு மாடிப்படிக்குப் போய் அவனைப் போனில் அழைத்தாள்.

"தம்பி, அந்த மருந்து கம்பெனி கதையை உன்னோடதுன்னா சொன்னே?"

"ஆமாக்கா. நீங்கதானே குடுத்தீங்க?"

"நான் எங்கே குடுத்தேன்?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? இந்த மாதிரி ஒரு அனுபவம் இருந்தா அந்த மேடம் அப்படியே விழுந்துடுவாங்கன்னு சொன்னீங்க. கதையையும் முழுசா சொன்னீங்க. சரியான்னு வேற கேட்டீங்க. நான் க்ளூ குடுக்குறீங்கன்னு நெனச்சேன். மத்த ஏஜென்சியில எல்லாம் பேப்பர்லயே எழுதிக் குடுப்பாங்க, நீங்க டீசண்டா வாயால சொல்றீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "தப்பாயிடுச்சாக்கா?" என்றான்.

அவனைத் திட்டத்தான் அழைத்தாள். ஆனால் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் சொன்னதுதான்.

மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் முழுக் கதையையும் கேட்டார். முகத்தில் அதிர்ச்சி எதுவும் தெரியவில்லை. தலைவலிக்கு மாத்திரை எழுதும் டாக்டர் மாதிரி உடனே மருந்து சொன்னார்.

"முதல்ல போனவனைத்தானே அவங்களுக்குப் பிடிச்சிருக்கு? அவனோட கதைன்னு சொல்லிடு. ரெண்டாவதா போன மனுஷன் நம்ம வெயிட்டிங் ரூம்ல அவன் பேசினதைக் கேட்டுட்டாருன்னு சொல்லு. முடிஞ்சுது."

"அவர் வாழ்க்கையில நடந்தது சார் அது."

"அதுக்கு? நீ சொல்லிக் குடுத்தேன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எந்தக் கம்பெனி நம்ம ஆளை உள்ள விடும்? ஒருத்தர் போனா போறார். இங்க எத்தனை பேர் உட்கார்ந்திருக்கோம், எண்ணிப் பாரு."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அறையை விட்டு வெளியே வந்தபோது போனில் மௌனசாமியின் செய்தி வந்திருந்தது. அவராக எதுவும் எழுதுபவரில்லை. 'இன்டர்வியூ நன்றாகப் போனது என்று நினைக்கிறேன் மேடம். அந்த விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் எல்லாரும் அப்படியே அமைதியாகிவிட்டார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. மிக்க நன்றி.'

அவள் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படிக்கத் தெம்பில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி டாக்சி பிடித்தாள்.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஓட்டிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னாலும் நம்புவார்களா? கதை வாய் மாறிவிட்டது. முதலில் சொன்னவன் சொந்தக்காரன், பிறகு சொன்னவன் திருடன். உலக வழக்கு அப்படித்தான். யார் அந்த டேட்டாபேஸின் முன்னால் உண்மையிலேயே உட்கார்ந்தவர் என்று காட்ட அவளிடம் என்ன இருக்கிறது? கதையை ஆரம்பத்திலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சரவெடியிடம் சொன்ன மாதிரியே. இணைப்பு அறுந்தது. நகல் ராஜாவானது. அவர் பழைய ராஜாவை நிறுத்தினார், புது ராஜா கடையை நடத்தியது. பிறகு அவரை வேலையிலிருந்து தூக்கினார்கள்.

அங்கே ஏதோ இடித்தது. கடை நடந்துகொண்டிருந்தால் ஏன் தூக்கினார்கள்?

கஸ்டமர் யாரும் ஆர்டர் போட முடியவில்லை என்றாரே. புதியது ஓடியிருந்தால் ஏன் போட முடியாது? டாக்சி சிக்னலில் நின்றது. பழையதை மட்டும் நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது, அவர் வேலையும் போயிருக்காது. அவர் இரண்டையும் நிறுத்தியிருக்கிறார். அவள்தான் தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தத் தப்பையும் சேர்த்துப் பரிமாறியிருக்கிறாள்.

தலைமை என்ஜினியரின் அறையில் நீள மேசையும் வெள்ளைப் பலகையும் இருந்தன. உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். கற்றுக்கொள்வதற்காக ஒருவர் கதையை இன்னொருவரிடம் சொன்னதை, க்ளூ என்று அவன் நினைத்ததை, போனில் இல்லை என்று சொன்னது பொய்யாகிப் போனதை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரி. இதையும் நான் நம்பணுமா?" என்றார் அவர். "ரெண்டாவது ஆளை உள்ள தள்ளணும்னா நீங்க இப்படியும் ஒரு கதை சொல்லலாமே."

"சொல்லலாம் மேடம். ஒண்ணு மட்டும் கேக்குறேன். நேத்து வந்தவர் எதை நிறுத்தினேன்னு சொன்னார்?"

"பழைய டேட்டாபேஸை."

"இன்னிக்கு வந்தவர்?"

"ரெண்டையும்."

"பழையதை மட்டும்னு நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். அந்தத் தப்பு என் வாயில இருந்து அவர் வாய்க்குப் போயிருக்கு. ரெண்டையும்ங்கிறதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, ஏன்னா எனக்கே அது தெரியாது. வர்ற வழியிலதான் தெரிஞ்சுது."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அவருக்கு வேலை போச்சே. அதை வெச்சு யோசிச்சேன்."

தலைமை என்ஜினியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நேத்தே எனக்கு அந்த இடம் உறுத்துச்சு," என்றார், அவளிடம் அல்ல, மேசையிடம் சொல்வதுபோல். பிறகு மார்க்கரை அவள் பக்கம் நகர்த்தினார். "ஏன் ரெண்டையும் நிறுத்தணும்? போடுங்க."

அவள் இரண்டு கட்டம் போட்டாள். ஒன்று கோணலாக வந்தது. "ஒரு அம்மா மருந்து வேண்டாம்னு பழையதுல சொல்லிட்டாங்க. புதுசுக்கு அது தெரியாது, அது அனுப்பிடும். கடைசி அட்டை மாத்திரையை இது ஒருத்தருக்கு வித்துடுச்சு, அதுவும் ஒருத்தருக்கு வித்துடும். எது உண்மைன்னு தெரியாத வரைக்கும் ரெண்டு வாயையும் மூடணும். கஸ்டமர் திட்டினாலும் மூடணும்." நிறுத்தினாள். "அதுக்கு அப்புறம் எப்படி ஒண்ணா சேர்த்தார்னு கேட்டா எனக்குத் தெரியாது மேடம். உண்மையாவே தெரியாது."

"எனக்கும் அதைத்தான் கேக்கணும்," என்றார் தலைமை என்ஜினியர். "காலையில கேக்காம எழுந்து போயிட்டேன். அவரைக் கூப்பிடுங்க. இப்பவே, ஸ்பீக்கர்ல. உங்க ஏஜென்சியை என்ன பண்றதுன்னு பிறகு பார்க்கலாம்."

"கூப்பிடுறேன். ஆனா நீங்க கேக்குறதுக்கு முன்னாடி அவர்கிட்ட நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அவர் கதையை நான் என்ன பண்ணினேன்னு அவருக்கு இன்னும் தெரியாது."

"இங்கேயேவா?"

"இங்கேயே."

போனை மேசையின் நடுவில் வைத்தாள். முதல் மணி முழுதாக அடித்து முடிக்கவில்லை, எடுத்துவிட்டார் மௌனசாமி. எதற்கும் அவசரப்படாத அந்த மனிதர், அவள் ஹலோ சொல்லும் முன்பே முந்திக்கொண்டார்.

"மேடம்? கிடைச்சிடுச்சா?"

பின்னால் யாரோ ஒரு பெண் "என்னவாம், என்னவாம்?" என்று கேட்பதும், அவர் போனைப் பொத்திக்கொண்டு "இரு, இரு" என்பதும் அறை முழுக்கக் கேட்டது. தலைமை என்ஜினியர் நாற்காலியோடு திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, போனுக்கு நெருக்கமாகக் குனிந்தாள்.